முதுகில் ஒரு சிவப்புக் கைநாட்டு

போன மாசி மாதம் இங்ரிட் தொலைபேசி எடுத்தாள். படங்களுக்குச் சட்டம் போடும் பிறேம் கடையில், நான் ஓய்வு பெற்ற பிறகு என் மேசைக்கு வந்தவள் அவள். சுகம் கேட்கும் வழக்கமெல்லாம் அவளிடம் கிடையாது, நேரே விஷயத்துக்கு வந்துவிடுவாள். ஓவியர் யூனின் பெரிய மைப்படம் கண்ணாடி மாற்றக் கடைக்கு வந்திருக்கிறதாம். பிறேமைக் கழற்றினால் படத்தின் முதுகில், கீழ் மூலையில், சிவப்பாக ஒரு பெருவிரல் அடையாளமாம்.

"ஆரோ ஊத்தைக் கையோடை பிடிச்சிருக்கினம். இப்ப உதை எடுக்க நல்ல மருந்து இருக்கு. எடுத்துவிடட்டே?"

"தொடாதை" என்றேன்.

"ஏன், உது ஆற்றை விரல்?"

"என்ரை."

அவள் சிரித்துவிட்டாள். "நீங்களோ? கையுறை போடாமல் கடைக் கதவைக்கூடத் திறக்காத ஆள் எண்டு முதலாளி ஆர்னெ சொல்லுவார். நீங்களோ?"

தொலைபேசியில் சொல்லி முடிகிற கதையில்லை என்றேன். எழுதித் தாருங்கள் என்றாள். அதற்காகத்தான் இது. ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இதில் வரும் பலர் என்னோடு நொஸ்க்கில், அதாவது நோர்வே மொழியில், கதைத்தவர்கள். காதில் விழுந்தது நொஸ்க். மனதில் தங்கியது எங்கள் வீட்டுத் தமிழ். மனதில் இருப்பதைத்தான் எழுதுகிறேன். இங்ரிட்டுக்கு என் மகள் நொஸ்க்கில் மாற்றிக் கொடுப்பாள்.

நான் பயந்தாங்கொள்ளி. இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. இந்த நாட்டுக்கு வந்து இறங்கியபோது பொலிஸ் அலுவலகத்தில் என் விரல்களை ஒவ்வொன்றாகக் கறுப்பு மையில் உருட்டித் தாளில் பதித்தார்கள். அந்தப் பெண் அதிகாரி நல்ல மனுசி, கை கழுவச் சுடுதண்ணீரும் தந்தாள். ஆனால் என் விரல் பதிந்த தாள் எங்கோ ஓர் அலுமாரியில் எனக்கு எதிராகக் காத்துக்கொண்டிருக்கிறது என்ற எண்ணம் அன்று புகுந்தது, விட்டுப் போகவில்லை. மகள் பிறந்து, குடியுரிமை கிடைத்து, புருசெத் மாடிவீட்டை விட்டு லோறென்ஸ்கூக்கில் வீடு வாங்கிய பிறகும் போகவில்லை. வீட்டுக் கண்ணாடி யன்னலில் விரல் அடையாளம் கண்டால் உடனே துடைப்பேன். என் கணவர் கேலி செய்வார். "இஞ்சரும், நீர் கொலை செய்தனீரோ?"

ஆனால் பிறேம் கடையில் அந்தப் பயம்தான் எனக்குச் சோறு போட்டது. அந்தத் தொழிலில் முதல் பாடமே விரல் படாமல் வேலை செய்வது. மற்றவர்கள் அதைப் பழக மாதக்கணக்காகும். எனக்குப் பழக வேண்டியிருக்கவில்லை.

கடையின் முதலாளி ஆர்னெ. நெடிய மனிதர், அதிகம் பேசமாட்டார். நாங்கள் ஏதும் சொன்னால் மூச்சை உள்ளே இழுத்தபடி "யா" என்பார். இந்த ஊரில் பலர் அப்படித்தான் என்று எனக்கு அப்போது தெரியாது. முதல் வாரம் அவருக்கு நெஞ்சு வருத்தம் என்று நினைத்து, விழுந்துவிட்டால் யாருக்குச் சொல்வது என்று பயந்துகொண்டே வேலை செய்தேன். கோபம் வந்தால் அவர் கத்தமாட்டார். மூலையில் இருக்கும் தொட்டிக்குப் போய்த் தன் நீலக் கோப்பையைக் கழுவுவார். அது ஏற்கெனவே கழுவின கோப்பையாக இருக்கும். குழாய்ச் சத்தம் கேட்டால் கடையில் எல்லோருடைய கையும் நின்றுவிடும். யார் என்ன செய்தோம் என்று அவரவர் தேடத் தொடங்குவோம். கத்துகிற முதலாளி எவ்வளவோ மேல் என்று எத்தனை நாள் நினைத்திருக்கிறேன்.

யூன் சீனாவிலிருந்து வந்தவர். சிறு வயதிலேயே மைப்படம் பழகியவர். கணவரோடு ஒஸ்லோவுக்கு வந்து, அவர்களது சாப்பாட்டுக்கடைக் குசினியில் நின்றுகொண்டே இடைவேளைகளில் படம் கீறியவர். மூங்கிலும் பண்டாவும் கீறினால் உடனே விலைபோகும். ஆனால் அவர் புருசெத்தில் ஏழாம் மாடியில் இருந்தார். பல்கனிக் கதவைத் திறந்தால் பள்ளத்தாக்கு, அதற்கு அப்பால் காடு. மெல்ல மெல்ல மூங்கிலை விட்டுவிட்டு அந்தக் காட்டைக் கீறத் தொடங்கினார். அவற்றை வாங்க ஒருவரும் வரவில்லை. நோர்வேக்காரர் "நிறம் எங்கே?" என்றார்கள். சீனர் "இது என்ன மரம், கிளையெல்லாம் தொங்குகிறது?" என்றார்கள்.

அந்தத் தொங்குதல்தான் அவரைப் பல வருடம் பாடாய்ப் படுத்தியது. அவர் பழகிய பைன் மரத்துக் கோடு மேல்நோக்கி விரியும். இங்கத்தைய ஊசியிலைக் கிறான் மரம் பனியைச் சுமந்துகொண்டு கீழ்நோக்கிச் சாயும். பழகிய கை கேட்காது. கடைசியில் அவர் கண்ட வழி, மரத்தைக் கீறாமல் மரத்தடி இருட்டை மட்டும் கீறுவது. மிச்சத் தாள் சும்மா இருக்கும், அது பனியாகிவிடும். அவரிடம் வெள்ளை நிறமே கிடையாது. தாள்தான் பனி, தாள்தான் தண்ணீர், தாள்தான் வெளிச்சம். அதில் ஒரு சொட்டுக் கறுப்பு தவறி விழுந்தால் மேலே பூசி மறைக்க வழியில்லை. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

மைப்படத் தாள் மிக மெல்லியது. ஈர மை பட்டதும் சுருங்கிக் கோணிப்போகும். அதன் முதுகில் பசையிட்டு இன்னொரு தாளை ஒட்டி நிமிர்த்தினால்தான் படம் உயிர் பெறும். அந்த ஒட்டு வேலைக்கு ஒஸ்லோவில் அப்போது யூனுக்கு ஆள் கிடைக்கவில்லை. எங்கள் கடைக்கு வந்து, எல்லோருடைய கைகளையும் பார்த்து, என் கையைப் பிடித்து, "இவ காணும், வேறை ஆள் வேண்டாம்" என்றார். நான் அவரை "யூன் அக்கா" என்று கூப்பிட்டேன். அக்கா என்றால் என்ன என்று கேட்டார். சொன்னேன். அன்றிலிருந்து அக்கா என்றால் மட்டுமே திரும்பிப் பார்ப்பார்.

பழகிய காலத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கிழித்தேன், அழுதேன், மறுபடி கிழித்தேன். வேலை இதுதான்: படத்தை மேசையில் குப்புறப் போட வேண்டும். தண்ணீரைப் புகைபோலத் தெளிக்க வேண்டும். மெல்லிய தூரிகையால் நடுவிலிருந்து வெளியே நீவி, சுருக்கத்தை எல்லாம் விளிம்புக்குத் துரத்த வேண்டும். கோதுமை மாவைக் கழுவிக் காய்ச்சிய பசையை ஆட்டுப்பால் பதத்தில் தடவ வேண்டும். ஒருவர் ஒட்டுத்தாளைச் சுருளாகப் பிடித்து இறக்க, மற்றவர் தும்புத் தூரிகையால் அடித்து இறுக்க வேண்டும். பிறகு ஓரத்தில் மட்டும் பசையிட்டு, எல்லாவற்றையும் தூக்கி நிறுத்திய பலகையில் ஒட்டிக் காயவிட வேண்டும். காய்ந்தால் படம் மேளத்தோல் போல இறுகி நிற்கும்.

இதில் பயம் இரண்டு இடத்தில். ஒன்று காயும்போது. யூனின் ஊரில் காற்று ஈரமானது, தாள் ஆறுதலாகக் காயும். இங்கே குளிர்காலத்தில் ஹீற்றர் போட்ட அறைக்குள் காற்று உதடு வெடிக்கிற மாதிரி உலர்ந்திருக்கும். என் முதல் குளிர்காலத்தில் ஒருநாள் காலை கோப்பி குடித்துக்கொண்டிருந்தபோது பலகைப் பக்கம் "டப்" என்றது. ஓடிப்போய்ப் பார்த்தால் ஒரு மலை நட்டநடுவே பிளந்து கிடந்தது. தொட்டியில் குழாய் திறக்கும் சத்தம் கேட்டது. அதன்பின் குளிர்காலம் முழுக்க ஹீற்றரை நிறுத்தி, ஈரத் துவாய்களைக் கயிற்றில் தொங்கவிட்டு, குளிர்ச்சட்டையோடு வேலை செய்தேன். இன்றும் வீட்டில் ஏதும் "டப்" என்றால் எழும்பிவிடுவேன்.

மற்றப் பயம் மை. கல்லில் அப்போதே அரைத்த மையில் பசை இருக்கும். அது காய்ந்துவிட்டால் தண்ணீருக்கு அசையாது. அரைத்து நாட்கணக்காக விட்ட மையில் பசை செத்துவிடும். காய்ந்ததுபோலத் தெரியும், ஈரம் பட்டதும் எழும்பி நடக்கும். ஆகவே எந்தப் படம் வந்தாலும், ஓரத்துக் கறுப்பில் ஈரப் பஞ்சை ஒற்றிப் பார்க்காமல் தண்ணீர்ப் போத்தலைத் தொடமாட்டேன். பல வருடம் பஞ்சு வெள்ளையாகவே வந்தது. ஆனாலும் ஒவ்வொரு முறையும் பயந்தேன்.

இனி அந்தப் படம்.

இரண்டாயிரமாம் ஆண்டுகளின் நடுப்பகுதி. ஊரில் சண்டை நிறுத்தம் ஆட்டம் கண்டுகொண்டிருந்த காலம். தொலைபேசி அடித்தாலே நெஞ்சு அடிக்கும். அந்தக் கார்த்திகையில் யூன் அக்கா சொன்னார், கண்ணின் நடுப்பகுதி போய்க்கொண்டிருக்கிறதாம். ஓரம் தெரிகிறது, நடுவில் ஒரு புகை. வைத்தியர் கையை விரித்துவிட்டார். இலைதுளிர் காலத்தில் ஒரு பெரிய மண்டபத்தில் அவருடைய படங்களைத் தனியாகக் காட்சிக்கு வைக்கக் கேட்டிருந்தார்கள். வாழ்க்கையில் முதல் தடவை. அதற்காகக் கடைசியாக ஒரு நீளப் படம் கீறினார். பனி விழுவதற்கு முந்திய காடு, அடியில் ஃபியோர்ட் என்கிற கடற்கழியின் தண்ணீர். தலையைப் பக்கவாட்டில் திருப்பி, கண்ணின் ஓரத்தால் பார்த்துப் பார்த்துக் கீறியது. அதைக் கடைக்குக் கொண்டுவந்த அன்று தூரிகை நுனியே அவருக்குத் தெரியாமல் போயிருந்தது.

"தேவி, இனி நான் கீறமாட்டன். இதுதான்" என்றார்.

விரித்தேன். இரண்டு ஆள் நீளம். இப்படி ஒரு கறுப்பை நான் கண்டதில்லை. ஈர மரப்பட்டை போல, ஆழமாக, ஓரங்களில் துகள்துகளாக. அதற்குக் கீழே தொடாத தாள், வெள்ளைத் தண்ணீர். ஆர்னெகூட மூச்சை உள்ளே இழுக்க மறந்துபோய் நின்றார். நான் பஞ்சை நனைத்து ஓரத்தில் ஒற்றினேன்.

பஞ்சு கறுப்பாக வந்தது.

இன்னோர் இடத்தில் ஒற்றினேன். அதுவும் கறுப்பு. "அக்கா, பழைய மையோ?"

"இல்லை. மணமே இல்லை. ஒவ்வொரு நாளும் மணந்து பாத்தனான்."

எங்கே வைத்திருந்தீர்கள் என்று கேட்டேன். பல்கனியில் என்றார். விரல் மூட்டு நோவு. தினமும் அரைக்க முடியவில்லை. ஒரே தரமாகப் பெரிய கிண்ணத்தில் அரைத்துப் பல்கனியில் மூடி வைத்திருக்கிறார். காலையில் மேலே படிந்த பனிக்கட்டியை உடைத்துவிட்டுக் கீறியிருக்கிறார். அவருடைய ஊரில் மை பழுதானால் நாறும், மூக்குத்தான் காவல். புருசெத்துக் குளிரில் எது நாறும்? மை உறைந்து உருகி, உறைந்து உருகி, பசை செத்துப்போயிருக்கிறது. மணம் மட்டும் வரவில்லை. அரை நூற்றாண்டு பழகிய மூக்கு, நாடு மாறியதை மறந்துவிட்டது.

தொட்டியில் குழாய் திறந்தது. ஆர்னெ கோப்பையைக் கழுவினார். நெடுநேரம் கழுவினார்.

திரும்பி வந்து, "தண்ணி வேண்டாம். சூட்டு அமுக்கியிலை வைச்சு ஒட்டுவம்" என்றார்.

யூன் அக்கா விரல்களால் தாளைத் தடவினார். "இவ்வளவு சுருக்கம். சூட்டிலை அமுக்கினால் ஒவ்வொண்டும் வெட்டு மாதிரி நிண்டுபோகும். காடு முழுக்கக் கீறல் விழும்."

அது உண்மை என்று ஆர்னெக்குத் தெரியும். ஒட்டாமல் தொங்கவிடவும் முடியாது. கசங்கிய தாளில் காடு எங்கே, தண்ணீர் எங்கே என்று யாருக்கும் தெரியாது. தன் பாரத்திலேயே அது கிழியும். நனைத்தால் கரையும், நனைக்காவிட்டால் படம் இல்லை. கீறியவருக்கு இனிக் கண் இல்லை. நனைக்க வேண்டிய கை என்னுடையது. அன்று பின்னேரம் ரி-பான நிலக்கீழ் ரயிலில் நான் இறங்க வேண்டிய இடத்தை விட்டுவிட்டேன்.

யூன் அக்காதான் ஆவியைப் பற்றிச் சொன்னார். "அப்பாவின்ரை படங்களை ஒட்டுறவர் சிலதை ஆவியிலை வைக்கிறவர். மை தாளைப் பிடிச்சுக்கொள்ளுமாம். நான் சின்னப்பிள்ளை, வாசலிலை நிண்டு மணத்தை மட்டும் பிடிச்சனான். உள்ளுக்கு விடேல்லை." எவ்வளவு நேரம், எப்படி, ஒன்றும் தெரியாது. அதே மையால் அதே தாளில் பழகிப் பார்த்த துண்டுகள் கொஞ்சம் வைத்திருந்தார். அவற்றை வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனேன்.

ஆவி என்றால் எங்கள் வீட்டில் இடியப்பச் சட்டி. தண்ணீரைக் கொதிக்கவைத்து, தட்டில் துண்டை வைத்து மூடினேன். மகள் அபி பள்ளிக்கூடப் பையோடு வந்து எட்டிப் பார்த்தாள்.

"அம்மா, என்ன கடுதாசி அவிக்கிறீங்களோ? மிடாக் இதுவோ?" மிடாக் என்றால் அவளுக்கு இராச்சாப்பாடு.

"பகிடி விடாதை. பிழைச்சால் போச்சு."

"ஸ்லாப் ஆவ், பயப்பிடாதேங்கோ அம்மா. துண்டுதானே" என்று தோளில் கை போட்டாள்.

மூடியைத் திறந்தபோது துண்டு முழுக்க எண்ணெய்ப் புள்ளி. இடியப்பம் ஒட்டாமல் இருக்க வருடக்கணக்காக நல்லெண்ணெய் தடவிய தட்டு அது. எவ்வளவு கழுவினாலும் சூடேறினால் எண்ணெய் கக்கும். சீனத்து மைப்படம் ஒட்டுகிறவருக்கு இந்தப் பிழை வராது. இந்தப் பிழை விட யாழ்ப்பாணத்துக் குசினி வேண்டும். பெரிய படத்தை இப்படி வைத்திருந்தால் என்று நினைத்ததும் அடுப்பை நிறுத்திவிட்டு நிலத்தில் இருந்துவிட்டேன்.

அடுத்த நாள் கணவர் என்னை ஸ்ட்ரோம்மன் கடைத்தொகுதிக்குக் கூட்டிப்போய்ப் புதுச் சட்டி வாங்கித் தந்தார். "ஊர்ச் சனம் கேட்டால் என்னெண்டு சொல்லுறது? மனுசி காட்டை அவிக்கிறா எண்டு சொல்லட்டே?" என்றார். நான் சிரிக்கவில்லை. பிறகு அவரே, "பயப்பிடாதையும், நான் பக்கத்திலை நிக்கிறன்" என்று அடுப்படியில் கதிரை போட்டு இருந்தார்.

துண்டு துண்டாகப் பார்த்தோம். ஓர் ஈடு இடியப்பம் அவியும் நேரம் போதவில்லை, பஞ்சு இன்னும் கறுத்தது. இரண்டு ஈட்டு நேரத்தில் சாம்பல் நிறம். அதற்கு மேல் வைத்தால் தாள் சோர்ந்து பிய்ந்தது. மூடியிலிருந்து ஆவி சொட்டாகி விழுந்தால் அந்த இடத்தில் பொட்டு வைத்ததுபோல மை கலைந்தது. புட்டு அவிக்கிறபோது மூடிக்குக் கீழே துணி கட்டுகிற மாதிரிக் கட்டினேன். சொட்டு நின்றது. துண்டுகள் தீர்ந்தபோது தெரிந்தது இவ்வளவுதான்: மை பாதி பிடிக்கும். பாதி பிடிக்காது.

படத்தைக் கொள்கிற சட்டி எங்களிடம் இல்லை. யூன் அக்காவின் கணவருடைய தம்பி நடத்திய சாப்பாட்டுக்கடையில் வண்டிச்சில்லு அளவு மூங்கில் ஆவிக்கூடைகள் இருந்தன. கடை திறக்கும் முன் ஒரு காலையில் போனோம். படத்தை ஒற்றுத்தாள்களுக்கு நடுவில் தளர்வாகச் சுருட்டி, வெள்ளைத் துணியில் பொதிந்து, புதுக் கூடையில் வைத்தோம். மூங்கில் மூடி தண்ணீரைக் குடித்துக்கொள்ளும் என்றார்கள். நான் நம்பவில்லை, துணியும் கட்டினேன். அடுப்பை ஏற்றியதும் குசினி முழுக்க ஈரத் தாளும் கரியும் கலந்த மணம். "இதுதான். இந்த மணம்தான்" என்று யூன் அக்கா என் தோளைப் பிடித்தார். நான் நேரம் பார்க்கவில்லை. மனதுக்குள் இடியப்பம் அவித்தேன். ஓர் ஈடு, இரண்டாம் ஈடு.

ஆறவிட்டு, காயவிட்டு, கடையில் பஞ்சை ஒற்றினேன். சாம்பல்.

"காணுமோ?" என்றார் ஆர்னெ.

"காணாது. ஆனால் இதைவிட வராது" என்றேன்.

ஒட்டுகிற நாள் வந்தது. ஆர்னெ கடைக் கதவைப் பூட்டி, ஹீற்றரை நிறுத்தினார். படத்தில் பசை தடவத் துணிவில்லை. ஒட்டுத்தாளில் பசையைத் தடவி அதன்மேல் இறக்குவது என்று முடிவு. ஆனாலும் சுருக்கம் விட, படம் ஒருமுறை நனைந்தே ஆக வேண்டும். குப்புறப் போட்டோம். தெளித்தேன். மெல்லிய தாள் நனைந்ததும் முதுகுப் பக்கமாகவே முகம் தெரியும், இடம் வலம் மாறி. காடு மெல்ல எழும்பி வந்தது. தூரிகையால் நீவினேன். சுருக்கம் ஒவ்வொன்றாக ஓடியது. ஒரு பக்கம் முடிந்தது. மற்றப் பக்கம் வந்தபோது, காட்டின் அடியில், தண்ணீர் தொடங்கும் இடத்தில், கறுப்பு ஓரம் மங்கியது. பார்த்துக்கொண்டிருக்கவே ஒரு மயிரிழை முன்னே வந்தது. பிறகு இன்னொரு மயிரிழை.

என் கை நின்றுவிட்டது.

யூன் அக்கா மேசைத் தலைப்பில் நின்றார். அவருக்குத் தெரியவில்லை. "என்ன? ஏன் தூரிகைச் சத்தம் நிண்டது?"

ஆர்னெ பேசினார். தேவையில்லாமல் வாய் திறக்காத மனிதர், அன்று மிக மென்மையாக, "எல்லாம் சரி, யூன். நல்லா வருகுது" என்றார்.

அவருடைய முகத்தைப் பார்த்தேன். பாவம், அவருக்கும் பயம். நானும் "ஓம்" என்று சொல்லியிருக்கலாம். முதலாளி சொன்னதை மறுத்து நான் அதுவரை ஒரு சொல் சொன்னதில்லை. ஆனால் அவருடைய கடைசிப் படம் அவருக்கு முன்னாலேயே கரைய, அவர் மட்டும் அறியாமல் நிற்பதை என்னால் தாங்க முடியவில்லை.

"இல்லை அக்கா. கறுப்பு நடக்குது."

"எங்கை?"

"காட்டடியாலை தண்ணிக்குள்ளை இறங்குது."

அவர் கத்தவில்லை. கண்ணை மூடிக்கொண்டார். அந்தப் படத்தை அவர் உள்ளே பார்க்கிறார் என்று விளங்கியது. "பாறை இருக்கிற பக்கமோ, ஒண்டுமில்லாத வெட்டையோ?"

இடம் வலம் மாறித் தெரிந்ததை நான் திருப்பிப் போட்டு யோசித்தேன். தப்பாகச் சொன்னால் முடிந்தது. "பாறைப் பக்கம்."

நான் பஞ்சை எடுத்துக் கறுப்பில் வைக்கப் போனேன். பஞ்சுப் பெட்டி திறந்த சத்தத்தில் கண்டுபிடித்துவிட்டார். "கறுப்பைத் தொடாதை! ஒத்தினால் இன்னும் இழுக்கும். வெள்ளையைக் காயப் பண்ணு. அது போற வழியிலை காய்ஞ்ச தாளை வை. வந்தது வரட்டும், இனிப் போறதை மறி."

காய்ந்த ஒற்றுத்தாளைக் கறுப்புக்கு முன்னால், வெள்ளைத் தண்ணீரின் மேல், மூச்சு விடாமல் வைத்தேன். எடுத்தேன். இன்னொன்று வைத்தேன். ஆர்னெ ஒவ்வொரு தாளாக நீட்டினார். "இப்ப?" என்று யூன் அக்கா கேட்பார். "நடக்குது" என்பேன். "இப்ப?" "மெதுவா." "இப்ப?"

"நிண்டுட்டுது."

ஒட்டுத்தாளை இறக்கி, இறுக்கி, பலகையில் ஏற்றி முடித்தபோது என் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. ஆர்னெ தொட்டிக்குப் போனார். கோப்பையைக் கழுவவில்லை. தண்ணீர் பிடித்துக்கொண்டு வந்து யூன் அக்காவுக்குக் கொடுத்தார்.

பிறகு காயும் நாட்கள். ஈரத் துவாய்க்கு நடுவில், ஒவ்வொரு காலையும் கதவுக்கு வெளியே நின்று "டப்" கேட்கிறதா என்று காது கொடுத்துவிட்டுத்தான் திறப்பேன். கேட்கவில்லை. பலகையிலிருந்து இறக்கித் திருப்பியபோது காடு நிமிர்ந்து நின்றது. பாறைக்குக் கீழே, தண்ணீரின் மேல், ஓர் உள்ளங்கை அளவுக்குச் சாம்பல் நிறப் படலம். அது போகாது. பிறகு மண்டபத்தில் அதைப் பார்த்தவர்கள் மூடுபனி என்றார்கள்; கார்த்திகையில் ஃபியோர்ட் இப்படித்தான் இருக்கும் என்று சிலர் நெடுநேரம் நின்றார்கள். நான் தூணோரம் நின்று, யாராவது கண்டுபிடித்துவிடுவார்களோ என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஆனால் கைநாட்டு அதற்கு முந்திய கதை. பிறேம் போடும் முன் யூன் அக்கா வந்தார். தலையைப் பக்கவாட்டில் திருப்பி முகப்பக்கத்தைப் பார்த்தார். படலம் இருந்த இடத்துக்கு வந்ததும் நின்றார். "என்ரை கண்ணுக்குள்ளை இருக்கிறதும் இப்பிடித்தான்" என்றார். பிறகு படத்தைத் திருப்பச் சொன்னார். முதுகைத் தடவினார், விரலால் தட்டினார். டம் என்றது. சந்தோசப்பட்டார்.

"எங்கடை வழக்கத்திலை ஒட்டினவரின்ரை பேரை முன்னாலை போடுறேல்லை. பின்னாலை போடு."

"வேண்டாம் அக்கா. நான் பேர் போடமாட்டன்."

தன் முத்திரைக்கு வைத்திருந்த சிவப்புப் பசைச் சிமிழைத் திறந்தார். "அப்ப விரலைத் தா."

நான் கையைப் பின்னால் இழுத்துக்கொண்டேன். ஏன் என்று கேட்டார். பொலிஸ் அலுவலகத்துக் கறுப்பு மையை, அந்தச் சுடுதண்ணீரை, அலுமாரியில் காத்துக்கொண்டிருக்கும் தாளை, யாருக்கும் சொல்லாததை எல்லாம் என் உடைந்த நொஸ்க்கில் சொன்னேன். சொல்லும்போது அழுதும்விட்டேன்.

அவர் நான் நிற்கும் பக்கமாக முகத்தைத் திருப்பினார். "என்னட்டையும் எடுத்தவங்கள்" என்றார். "எல்லா விரலும். அண்டைக்கு ஒருத்தரும் 'தா' எண்டு கேக்கேல்லை. பிடிச்சு வைச்சவங்கள். நான் கேக்கிறன்."

சிமிழை நீட்டியபடி நின்றார். என் கையைப் பிடிக்கவில்லை.

யூன் அக்கா இப்போது இல்லை. ஆர்னெயும் இல்லை. இங்ரிட், இதுவரை எழுதியதை நீ வாசித்துவிட்டு நேற்று மறுபடி எடுத்தாய். மருந்துப் போத்தலை மூடி வைத்துவிட்டேன் என்றாய். பிறகு, பூதக்கண்ணாடியால் பார்த்தேன், ரேகை இரட்டையாக விழுந்திருக்கு, கை நடுங்கினதோ என்று கேட்டாய்.

ஓம், நடுங்கினது. ஆனால் நான் கையை இழுக்கேல்லை.